மேனேஜர் இல்லை, மீ கோரெங் மாஸ்டர்!



வெளிநாட்டில் வேலை பார்க்கும் அண்ணனோ தம்பியோ, கணவரோ மகனோ உங்களில் பலருக்கும் இருப்பார்கள். மாதா மாதம் பணம் வருகிறது, போனில் குரல் வருகிறது. ஆனால் அங்கே அவர்கள் உண்மையில் என்ன வேலை செய்கிறார்கள் என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? நான் ஒன்பது வருஷம் கேட்கவில்லை. கடைசியில் ஒரு தட்டு நூடுல்ஸ்தான் எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். முடிவில் செய்முறையும் உண்டு, பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் ஊர் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் உள்ள கண்டமங்கலம். என் தம்பி 2011-ல் மலேசியா போனான். ஏஜென்டுக்குக் கட்ட என்னுடைய நாலு சவரன் செயினைத்தான் அடகு வைத்தோம். "பினாங்குல ஓட்டல் வேலைக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். இரண்டே வருஷத்தில் செயினை மீட்டுக் கையில் கொடுத்தான். அதற்குப் பிறகு அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. தெருவில் யார் கேட்டாலும், "பெரிய ஓட்டல்ல மேனேஜரா இருக்கான்" என்பார். அவன் அப்படிச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. சொல்லச் சொல்ல எனக்கும் அது உண்மை போலவே ஆகிவிட்டது.

2020 மார்ச் 18-ம் தேதி மலேசியாவிலும் ஊரடங்கு வந்தது. ஓட்டல்களில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, பார்சல் மட்டும்தான் என்றார்களாம். வியாபாரம் படுத்துவிட்டது, ஆட்களைக் குறைத்தார்கள். ஜூன் மாதம் 'வந்தே பாரத்' விமானத்தில் திருச்சி வந்து இறங்கினான். தனிமைப்படுத்தல் முடிந்து வீட்டுக்கு வந்தபோது ஆள் பாதியாக இருந்தான்.

அந்த ஜூலையில் ஞாயிற்றுக்கிழமை தோறும் முழு ஊரடங்கு இருந்தது நினைவிருக்கும். கறிக்கடை கிடையாது, காய் வண்டி கிடையாது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பிள்ளைகள் நூடுல்ஸ் கேட்டு அடம் பிடித்தார்கள். அலமாரியில் ஒரு பாக்கெட் இருந்தது. நான் தண்ணீர் வைக்கப் போனபோது தம்பி வந்து, "அக்கா, நீ கொஞ்சம் நகரு. இன்னிக்கு நான் செய்யறேன்" என்றான். ஏதோ வெந்நீர் வைக்கத் தெரிந்திருக்கும் போல என்று நினைத்து நானும் நகர்ந்தேன்.

துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினான். காய்ந்த மிளகாயை வெந்நீரில் ஊறப்போட்டான். சின்ன வெங்காயம், பூண்டோடு சேர்த்து மிக்சியில் விழுதாக அரைத்தான். பழைய இரும்புச் சட்டியைக் காயவைத்து எண்ணெய் ஊற்றி, அந்த விழுதைப் போட்டு வதக்கினான். பச்சை வாசனை போய், எண்ணெய் மேலே பிரிந்து வந்தது பாருங்கள், என் மூக்குக்கு அது நன்றாகப் பழக்கமான வாசனை! நாம் குழம்புக்கு மசாலா வதக்கும்போது வரும் அதே வாசனைதான். அதற்குப் பிறகு வெந்த உருளைக்கிழங்கைத் துண்டு துண்டாக வெட்டி உள்ளே போட்டான்.

"டேய், நூடுல்ஸ்ல போய் உருளைக்கிழங்கா?" என்றேன்.

"பேசாம பாருக்கா" என்றான்.

அவன் கையைப் பார்த்துத்தான் நான் வாயடைத்துப் போனேன். ஒரு கையால் முட்டையை உடைக்கிறான், ஓடு ஒரு சில்லுகூட விழவில்லை. மறு கையால் சட்டியைத் தூக்கிச் சுழற்றுகிறான், நூடுல்ஸ் ஒன்றுகூட உடையவில்லை. ஓட்டல் மேனேஜருக்கு இந்தக் கை எப்படி வந்தது? சட்டைக் கை மேலேறியபோது முழங்கைக்குக் கீழே கோடு கோடாகச் சூடுபட்ட தழும்புகள் தெரிந்தன. நம் கையில் தோசைக்கல் விளிம்பு பட்டு ஒன்றிரண்டு இருக்குமே, அது போல அவனுக்கு ஏழெட்டு இருந்தன.

தட்டை நீட்டினான். கறுப்பும் சிவப்புமான நிறம், மேலே எலுமிச்சம்பழத் துண்டு. காரம், லேசான இனிப்பு, புளிப்பு எல்லாம் சேர்ந்து இருந்தது. பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். "இதுக்கு என்ன பேரு மாமா?" என்று என் மகள் கேட்டாள்.

"மீ கோரெங் மாமாக்" என்றான்.

பிள்ளைகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மாமா செஞ்சதால மாமாக்கா?"

"கிட்டத்தட்ட அதேதான்" என்றான் தம்பி.

அன்று இரவு திண்ணையில் உட்கார்ந்து அவன் சொன்னதையும், பிறகு நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே சொல்கிறேன். உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். இப்படி ஒரே தட்டில் சரித்திரம் கிடைப்பது அபூர்வம்.

'மீ' என்பது சீனர்களின் ஹொக்கியன் பேச்சில் நூடுல்ஸ். 'கோரெங்' என்றால் மலாய் மொழியில் வறுத்தது. 'மாமாக்' என்பது நம்முடைய 'மாமா'தான். மலேசியாவில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் கடைக்கு 'மாமாக் கடை' என்று பெயர். கடைக்காரரை மரியாதையாக 'மாமா' என்று கூப்பிட்டது, மலாய்க்காரர் வாயில் 'மாமாக்' ஆகிவிட்டதாம். கடைக்கு மலாய் மொழியில் 'கெடாய்' என்கிறார்கள், அதுவும் நம் 'கடை'தான். கப்பலுக்கு 'காப்பால்'. நம் ஆட்கள் கப்பலில் போனபோது சொற்களையும் மூட்டை கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

பினாங்கில் ஆங்கிலேயர்கள் 1786-ல் துறைமுகம் அமைத்தார்கள். அதை ஒட்டியே தமிழ் முஸ்லிம் வணிகர்களும் மாலுமிகளும் அங்கே குடியேறினார்கள். அவர்களுக்குத் தலைவராக இருந்த காதர் முகைதீன் என்பவர் 1801-ல் ஆரம்பித்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இன்றைக்கும் இருக்கிறது. நம் நாகூர் ஆண்டவர் பெயரில் அங்கேயும் ஒரு தர்கா உண்டு. அந்த ஜார்ஜ் டவுன் நகரத்தையே 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ராமநாதபுரம், நாகப்பட்டினம் பக்கமிருந்தும், கடையநல்லூர், தென்காசியிலிருந்தும் தலைமுறை தலைமுறையாக அங்கே பிழைக்கப் போனார்கள். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாக 'ரஜூலா' கப்பல் போகும், பிறகு 'சிதம்பரம்' கப்பல் போனது என்று வயதானவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1985-ல் 'சிதம்பரம்' கப்பலில் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் போக்குவரத்து நின்றது.

போனவர்களில் பலர் கையில் எடுத்த தொழில் சமையல். தோளில் காவடித்தடி, ஒரு பக்கம் சோற்றுக்கூடை, மறுபக்கம் குழம்பு. துறைமுகத் தொழிலாளிகளுக்கு நடந்தே விற்றார்கள். அதனால்தான் அந்தச் சோற்றுக்கு 'நாசி கந்தார்' என்று பெயர். நாசி என்றால் சோறு, கந்தார் என்றால் தோளில் காவுவது. நாம் ஆற்றிக் குடிக்கும் டீ அங்கே 'தே தாரிக்', அதாவது இழுத்த டீ.

அப்படித்தான் பக்கத்துக் கடைச் சீனருடைய மஞ்சள் நூடுல்ஸும் நம்மவர் சட்டிக்குள் விழுந்திருக்கிறது. சீனர் வறுத்தால் பூண்டும் சோயாவும் தூக்கலாக இருக்கும். நம் ஆள் சும்மா இருப்பாரா? மிளகாய் விழுதை வதக்கினார், தக்காளி சாஸ் ஊற்றினார், உருளைக்கிழங்கு போட்டார், பஜ்ஜி மாதிரி ஒரு மாவுப் பலகாரத்தையும் பிய்த்துப் போட்டார். கூடவே சோயாக்கட்டியான தௌஹூ, முளைகட்டிய பச்சைப்பயறு, கீரை. மேலே பிழிந்துகொள்ள குட்டி எலுமிச்சை. சிலர் கணவாய் மீனும் சேர்ப்பார்களாம். அங்கே இதை மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்று எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பாக்கெட் நூடுல்ஸில் செய்தால் 'மேகி கோரெங்'. வேடிக்கை என்னவென்றால், தமிழன் கை பட்டு உருவான இந்தப் பண்டம் தமிழ்நாட்டில் நம் சமையலறைக்கு வரவே இல்லை!

யோசித்துப் பார்த்தால் நம் பக்கத்தில் இது மாதிரி வேறு கதைகளும் உண்டு. 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய நம்மவர்கள் கொண்டுவந்ததுதான் சென்னை பாரிமுனைப் பக்கம் விற்கும் 'அத்தோ'. அதுவும் நூடுல்ஸ்தான், ஆனால் பிசைந்து தருவது. பர்மா பஜார் 1969-ல் அவர்களுக்காக ஏற்பட்டது. எங்களுக்குப் பக்கத்திலிருக்கும் புதுச்சேரியில் சைகோனிலிருந்து திரும்பிய குடும்பங்கள் இருக்கின்றன. பிரெஞ்சுக்காரர் காலத்தில் வியட்நாமுக்கு வேலைக்குப் போனவர்களின் வாரிசுகள். அவர்கள் வீட்டில் விசேஷம் என்றால் 'நெம்' என்ற வியட்நாம் பலகாரம் பொரிப்பார்கள். பிழைக்கப் போனவர்கள் பணத்தோடு ருசியையும் கொண்டுவருகிறார்கள். நாம்தான் பணத்தை மட்டும் எண்ணிப் பார்க்கிறோம்.

இதையெல்லாம் சொல்லி முடித்த பிறகு தம்பி மெதுவாகச் சொன்னான். "அக்கா, நான் மேனேஜர் இல்லை. போன புதுசுல எச்சித் தட்டு எடுத்தேன். அப்புறம் ரெண்டு வருஷம் வெங்காயம் உரிச்சேன். அதுக்கப்புறம்தான் சட்டியக் கையில குடுத்தாங்க. இருபத்திநாலு மணி நேரமும் திறந்திருக்கிற கடை. எனக்கு ராத்திரி ஷிப்ட், பன்னெண்டு மணி நேரம் நின்னே இருக்கணும். 'மீ கோரெங் சத்து'ன்னு வெளியில குரல் குடுப்பாங்க. சத்துன்னா அங்க ஒண்ணு. 'பெடாஸ்'னா காரம். 'புங்குஸ்'னா பார்சல். ஒவ்வொரு தட்டும் தனித்தனியாதான் போடணும். மொத்தமா போட்டா ருசி வராது."

"ஏண்டா இத்தனை நாளா சொல்லலை?" என்றேன்.

"நீங்க மேனேஜர்னு சொல்லிட்டீங்க. ஊரெல்லாம் சொன்ன பிறகு நான் என்ன சொல்றது?"

எனக்குச் சுருக்கென்று தைத்தது.

இதற்குப் பிறகும் நான் திருந்திவிடவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். 2021 தை மாதத்தில் தம்பிக்கு ஒரு வரன் வந்தது. பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். பெண்ணின் தாயார், "மாப்பிள்ளை மலேசியாவுல என்ன உத்தியோகம்?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். நான் கொஞ்சமும் கூசாமல், "ஓட்டல்ல மேனேஜருங்க" என்றேன்.

தம்பி காபி டம்ளரைக் கீழே வைத்தான். "இல்லீங்க அத்தை. சமையல் மாஸ்டர். நூடுல்ஸ் போடுவேன்" என்றான்.

எங்கள் முகத்தில் ஈயாடவில்லை. அவர்கள் நாகரிகமாகப் பேசிவிட்டுப் போனார்கள். நாலு நாள் கழித்து 'ஜாதகம் சரியில்லை' என்று தரகர் மூலமாகச் சொல்லியனுப்பினார்கள்.

அம்மா பிடி பிடியென்று பிடித்துக்கொண்டார். "அடுப்படியில நிக்கிறவன்னு நாலு பேர் எதிர்ல சொல்ல உனக்கு வெக்கமா இல்லையா?"

தம்பி கோபப்படவில்லை. "அம்மா, நீ நாப்பது வருஷமா அடுப்படியிலதானே நிக்கிறே? அக்கா பதினஞ்சு வருஷமா நிக்குது. உங்களுக்கு வெக்கமா இருக்கா?" என்று கேட்டான்.

அம்மா பதில் பேசாமல் உள்ளே போய்விட்டார். எனக்கோ அன்று இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. சகோதரிகளே, நாம் என்ன செய்கிறோம்? காலையில் எழுந்ததிலிருந்து இரவு பாத்திரம் கவிழ்க்கும் வரை அடுப்பு முன்னால் நிற்கிறோம். 'வீட்ல சும்மாதான் இருக்காங்க' என்று யாராவது சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. அதே வேலையை நம் வீட்டு ஆண் செய்து சம்பாதித்தால், அதை வெளியே சொல்ல நாமே கூசுகிறோம். அடுப்படியை மட்டம் என்று நினைத்தவள் நான்தான், வேறு யாரும் இல்லை.

மறுநாள் செயினைக் கழற்றித் தம்பி கையில் வைத்தேன். முதல் தடவை ஏஜென்டுக்காக அழுதுகொண்டே கழற்றினேன். இந்தத் தடவை யாரும் கேட்காமல் கழற்றினேன். என் வீட்டுக்காரர் முதலில், "நூடுல்ஸ் கிண்டவா மலேசியா போனான்?" என்று கிண்டல் செய்தவர்தான். பிறகு அவரே போய்ப் பழைய தள்ளுவண்டி ஒன்றை விலை பேசி வந்தார்.

2022 பொங்கல் கழித்துச் சாலை ஓரத்தில் வண்டி போட்டான். முதல் வாரம் ஈ ஓட்டினான். "பிரைட் ரைஸ் இருக்கா? மீன் இல்லாம மீ எப்படிப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனவர்கள்தான் அதிகம். தௌஹூ எங்கள் ஊரில் கிடைக்காது, அதற்குப் பதில் மசால்வடையைப் பிய்த்துப் போட்டான். அதுதான் ஊரைப் பிடித்துக்கொண்டது! அசைவம் கேட்பவர்களுக்கு மதகடிப்பட்டு சந்தையில் வாங்கிய சென்னாக்கூனியை வறுத்துப் பொடித்துச் சேர்த்தான். மெல்ல மெல்லக் கல்லூரிப் பிள்ளைகளும் லாரி டிரைவர்களும் வர ஆரம்பித்தார்கள். பெரிய லாபம் என்று சொல்ல மாட்டேன். மழை பெய்தால் வியாபாரம் இல்லை. ஆனால் செயின் மறுபடியும் என் கழுத்துக்கு வந்துவிட்டது.

அம்மா மூன்று மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு நாள் விழுது சரியாக அரைபடவில்லை என்று தம்பி புலம்பிக்கொண்டிருந்தான். "மிளகாய நல்லா ஊறவிடாம மிக்சியில போட்டா எப்படிடா மசியும்?" என்று சொல்லிக்கொண்டே அம்மா அம்மியைக் கழுவினார். அன்றிலிருந்து விழுது அம்மா பொறுப்பு.

இனி செய்முறை. நாலு பேருக்கு:

ஹக்கா நூடுல்ஸ் 300 கிராம், உருளைக்கிழங்கு 2, முட்டை 2, முளைகட்டிய பச்சைப்பயறு ஒரு கைப்பிடி, பொடியாக அரிந்த முட்டைகோஸ் ஒரு கப், தக்காளி 1, மசால்வடை 2, சோயா சாஸ் 2 மேஜைக்கரண்டி, தக்காளி சாஸ் 2 மேஜைக்கரண்டி, வெல்லம் ஒரு நெல்லிக்காய் அளவு, எலுமிச்சம்பழம் 1, எண்ணெய், உப்பு. விழுதுக்குக் காய்ந்த மிளகாய் 10, சின்ன வெங்காயம் 10, பூண்டு 6 பல்.

நூடுல்ஸை உப்பும் சிறிது எண்ணெயும் விட்ட கொதிநீரில் முக்கால் வேக்காடு வேகவைத்து வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசி வையுங்கள். குழைந்தால் கதை முடிந்தது! உருளைக்கிழங்கை வேகவைத்துத் துண்டு போடுங்கள். மிளகாயை விதை உதிர்த்து வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, வெங்காயம், பூண்டோடு அரையுங்கள். அதை நாலு மேஜைக்கரண்டி எண்ணெயில் சின்னத் தீயில் எண்ணெய் பிரியும் வரை வதக்கி, வெல்லத்தைப் போட்டுக் கரையவிட்டு இறக்குங்கள். அவசரப்படாதீர்கள், ருசியே இந்த இடத்தில்தான். பயறு முதல் நாளே ஊறவைத்துத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் முளை வந்துவிடும்.

இரும்புச் சட்டியை நன்றாகக் காயவைத்து, பெரிய தீயில் ஒரு தடவைக்கு இரண்டு பேருக்கு மட்டும் போடுங்கள். எண்ணெய் விட்டு விழுதில் பாதி, பாதித் தக்காளி, கோஸ், கிழங்கு போட்டுக் கிளறுங்கள். நூடுல்ஸில் பாதியைக் கொட்டி, சாஸ் இரண்டும் பாதிப் பாதி ஊற்றி, உப்புப் பார்த்துப் போடுங்கள், சோயா சாஸிலேயே உப்பு இருக்கிறது. எல்லாவற்றையும் ஓரமாக ஒதுக்கி, நடுவில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றிப் பாதி வெந்ததும் சேர்த்துப் புரட்டுங்கள். கடைசியில் முளைப்பயறும் பிய்த்த வடையும் போட்டு ஒரு பிரட்டு, அவ்வளவுதான். எலுமிச்சை சாப்பிடும்போது பிழிந்துகொள்ளுங்கள். மிச்சம் பாதியை இதே போல் செய்யுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் முட்டையை விட்டுவிடலாம், ருசி குறையாது. சின்னக் குழந்தைகளுக்கு மிளகாயைப் பாதியாகக் குறைத்து, வெல்லத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

தம்பிக்கு இன்னும் பெண் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். போன மாதம் தரகர் வந்து, "பையன் என்ன வேலைன்னு சொல்லட்டும்?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "சமையல் மாஸ்டர்னு சொல்லுங்க. வண்டி போட்டிருக்கான்னும் சொல்லுங்க. இஷ்டம்னா வரட்டும்" என்றார்.

வெளிநாட்டிலிருந்து உங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், "அங்க என்ன வேலைப்பா செய்யறே? கஷ்டமா இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்காமல் விட்ட ஒன்பது வருஷம் எனக்குத் திரும்பக் கிடைக்காது.

- ஒரு வாசகி, கண்டமங்கலம்.